‘டைடல் வேவ்’ என்னும் சொல்லும் ஹூக்ளி ஆறும்

கொல்கத்தாவின் பாக்பஜார், ஆஹிரிடோலா ஆகிய படித்துறைகளில் பௌர்ணமியையோ அமாவாசையையோ அடுத்த நாட்களில் நிற்போர், ஒரு காட்சியைக் காண நேரலாம். ஆற்றுநீர் தெற்கு நோக்கி, கடலை நாடி ஓடிக்கொண்டிருக்கும். படிகளின் கீழ்வரிசையில் சேறு தெரியும் அளவுக்கு நீர்மட்டம் இறங்கியிருக்கும். அவ்வேளையில் படகோட்டிகள் கரையோரத்தில் கட்டியிருந்த படகுகளை அவிழ்த்து, நடு ஆற்றுக்குத் தள்ளிச் செல்வார்கள். நீராடுவோரை மேலேறும்படி யாரேனும் கூவுவார். சற்று நேரத்தில் தெற்கிலிருந்து “பான்! பான்!” என்ற குரல் கரையோரமாகவே பரவி வரும். அதனைத் தொடர்ந்து, ஆற்றின் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு தோன்றும். அது நெருங்க நெருங்க, இரு கரைகளிலும் நுரைத்து உடையும் ஓர் அலையெனத் தெளிவாகும். அலை கடந்து சென்ற பின்னர், ஆறு எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியிருக்கும். சேறு தெரிந்த படிகள் மீண்டும் நீருக்குள் மறையும்.

வங்காளிகள் ‘பான்’ என்று வழங்கும் இதனை ஆங்கிலத்தில் எழுதுவோர் சிலர் ‘டைடல் வேவ்’ என்று குறித்துள்ளனர். 1864-ஆம் ஆண்டு புயலின்போது ஹூக்ளியின் முகத்துவாரத்தில் ஊர்களை மூழ்கடித்த வெள்ளத்துக்கும் அதே பெயர் வழங்கியது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நாகப்பட்டினத்தைத் தாக்கிய நீரைப் பற்றி எழுதியவர்களிலும் சிலர் அப்பெயரையே கையாண்டனர். ஆயினும் இம்மூன்றும் பிறப்பால் வேறுபட்டவை. முதலாவது சந்திர சூரியர்களின் ஈர்ப்பால் விளைவது. இரண்டாவது காற்றால் எழுவது. மூன்றாவது கடலடித் தரை அசைவதால் உண்டாவது. இவற்றுள் ‘ஓதத்தைச் சார்ந்த அலை’ என்னும் பொருள் தரும் அப்பெயர், முதலாவதற்கு மட்டுமே பொருந்தும்.

இஃது அகராதிக்காரர்களின் சச்சரவு மட்டுமே என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. முதலாவது வரும் நேரத்தைப் பல மாதங்களுக்கு முன்னரே அச்சிட்டுக் கொடுக்க இயலும். இரண்டாவதைப் பற்றி ஓரிரு நாட்களுக்கு முன்னர் எச்சரிக்கலாம். மூன்றாவதற்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்களாகவோ, மிஞ்சினால் சில மணி நேரமாகவோ இருக்கும். இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கும் ஊரில் ‘அலை வருகிறது’ என்னும் செய்தி எட்டினால், ஆற்றங்கரையைவிட்டு நாலடி விலகி நிற்பதா, குடும்பத்தோடு புகலிடம் செல்வதா, எடுத்ததை எடுத்தபடி விட்டு மேட்டுக்கு ஓடுவதா என்று மக்களுக்கு விளங்காது.

முதலில், பெயருக்கு உரிமையுள்ள அலையைக் காண்போம். சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால் நீர்மட்டம் ஏறி இறங்குகின்றது. இதனைத் தமிழ் நூல்கள் ‘ஓதம்’ என்று வழங்கும். வங்காள விரிகுடாவில் ஒரு நாளைக்கு இருமுறை ஓதம் ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாழ்த்தே வரும். அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாட்களில் சந்திர சூரியர்களின் ஈர்ப்பு ஒன்றுசேர்வதால் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. இடைப்பட்ட அட்டமி நாட்களில் இரண்டும் குறைவு. வங்க மக்கள் ஏற்றத்தை ‘ஜோயார்’ என்றும், வற்றத்தைப் ‘பாட்டா’ என்றும் சொல்வர். உவாக்கால ஓதம் ‘பரா கோட்டால்’, அதாவது நிறைந்த ஓதம். மற்றது ‘மரா கோட்டால்’, அதாவது செத்த ஓதம். பாடநூல்கள் தரும் கலைச்சொற்களைக் காட்டிலும் இவ்விரு பெயர்களும் மாணவர் மனத்தில் நன்கு பதியும்.

கடலில் இந்த ஓதமும் ஓர் அலையே. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைத்தொலைவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டராக இருப்பதால், அலை என்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நாள்தோறும் இருமுறை எல்லாத் துறைமுகங்களுக்கும் வந்து, பெரும்பாலும் யாருக்கும் தீங்கின்றித் திரும்பும் இவ்வலையே உண்மையான ‘டைடல் வேவ்’ என்பது ஒரு விந்தை.

தமிழ்நாட்டுக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஓதத்தின் வலிமை எளிதில் விளங்குவதில்லை. சென்னையில் உவாக்கால ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியது. நாகப்பட்டினத்தில் அதனினும் குறைவு. ஆனால் விரிகுடாவின் தலைமாட்டிலுள்ள சாகர் தீவில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 5 மீட்டர். கடல் அங்கே ஆழம் குறைந்து, இருபுறமும் நெருங்கி, புனல்போல் குறுகுவதே இதற்குக் காரணம். அப்புனலின் வாய்க்குள் நுழையும் ஓதம், ஹூக்ளியின் மணல்திட்டுகள்மீது ஏறிவரும்போது மேலும் உருமாறுகின்றது. ஆழமான நீரில் அலை விரைந்தும், ஆழமற்ற நீரில் மெதுவாகவும் செல்லும். ஆகவே, உயரமான முகடு தனக்கு முன்னே செல்லும் பள்ளத்தை எட்டிப் பிடிக்க முற்படுகின்றது; அலையின் முன்முகம் செங்குத்தாகின்றது. கொல்கத்தாவில் நீர் ஏறும் நேரம் குறைவு, வற்றும் நேரம் அதிகம் என்பதற்கும் இதுவே காரணம். உவாக்காலத்தில் ஆற்றில் நீர் மிகவும் தாழ்ந்திருக்கும்போது பேரோதம் உள்ளே புகுந்தால், முன்முகம் முழுவதும் சரிந்து ஒரு நீர்ச்சுவராகவே ஓடி வரும். அதுவே ‘பான்’.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த குறிப்புகள் ஹூக்ளியின் பான் 7 அடியை மிஞ்சுவதுண்டு என்றும், அதனால் சிறு படகுகள் அடிக்கடி அழிந்தன என்றும் கூறுகின்றன. அலை உடைவது ஆழமற்ற கரையோரத்தில்தான். நடு ஆற்றில் அது உருண்டையான ஓர் எழுச்சியாகவே கடந்து செல்லும். படகோட்டிகள் கரையை விட்டு நடு ஆற்றுக்கு ஓடும் காரணம் புதியவருக்கு விளங்காது; ஆபத்து என்றால் கரைக்கு ஓடுவதன்றோ இயல்பு? மிகப் பெரிய பானுக்கு வங்காளத்தில் ‘ஷாராஷாரிர் பான்’ என்று பெயர். அதாவது காளைகளின் மோதலை ஒத்த வெள்ளம். கீழிறங்கும் ஆறும் மேலேறும் கடலும் முட்டிக்கொள்வதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

பானுக்குக் கணக்கு உண்டு. ஓதத்தை ஏற்படுத்தும் சந்திர சூரியர்களின் இயக்கம் திட்டமானது. ஒரு துறைமுகத்தில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து பதிவு செய்து, அப்பதிவைப் பல சீரான ஏற்றவற்றங்களாகப் பகுத்தால், எதிர்கால ஓதங்களைக் கணிக்கலாம். 1879-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ராபர்ட்ஸ் என்பார் இந்தியத் துறைமுகங்களுக்காகவே ஓதம் கணிக்கும் பொறியொன்றை அமைத்தார். சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட அப்பொறி ஓதத்தின் கூறுகளைக் கூட்டிக் காகிதத்தில் கோடாக வரைந்து கொடுத்தது. இக்காலத்தில் அவ்வேலையைக் கணிப்பொறிகள் செய்கின்றன. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணைகளில் கார்டன் ரீச், டயமண்ட் ஹார்பர், சாகர் ஆகிய இடங்களின் நேரங்களைக் காணலாம்.

இரண்டாவது அலைக்கு எந்த அட்டவணையும் இல்லை. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் சற்று உயரும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்பது கணக்கு. ஐம்பது மில்லிபார் குறைந்தாலும் உயர்வு அரை மீட்டரே. பெருங்கேடு விளைவிப்பது காற்று. கரைநோக்கி வீசும் கடுங்காற்று மணிக்கணக்கில் நீரைத் தள்ளிக்கொண்டே வருகின்றது. ஆழ்கடலில் அந்நீர் அடியில் திரும்பி ஓட வழியுண்டு. வங்காளக் கரையின் ஆழமற்ற கடலில் அவ்வழி இல்லாமையால், நீர் குவிந்து நிலத்தின்மேல் ஏறுகின்றது. இதனைப் ‘புயல் வெள்ள எழுச்சி’ என்று கூறலாம். வங்காளத்தில் ‘ஜலோச்சாஸ்’ என்பர்.

1737 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலைப் பற்றி ஓர் எண் நெடுங்காலம் உலவி வந்தது. மூன்று லட்சம் பேர் மாண்டனர் என்றும், புயலோடு பூகம்பமும் நிகழ்ந்தது என்றும், ஆற்றில் நீர் 40 அடி உயர்ந்தது என்றும் லண்டன் சஞ்சிகைகளில் செய்தி வெளிவந்தது. பூகம்பப் பட்டியல்கள் பலவும் அதனை அப்படியே எடுத்தாண்டன. 1994-இல் நிலநடுக்க ஆய்வாளர் ரோஜர் பில்ஹாம் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, பூகம்பத்துக்குத் தக்க சான்று இல்லை என்று காட்டினார். கும்பினியின் பதிவுகள் நகரில் மாண்டோரை மூவாயிரம் என்ற அளவிலேயே குறிக்கின்றன. அன்றைய கல்கத்தாவின் மக்கள்தொகையே மூன்று லட்சத்துக்கு மிகவும் குறைவு. அலை எதனால் வந்தது என்பதைத் தெளிவாக எழுதி வைக்காத ஓர் அறிக்கை, இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஒரு பூகம்பத்தையே கற்பித்துவிட்டது.

1864 அக்டோபர் 5-ஆம் நாள் வந்த புயலுக்கு அத்தகைய ஐயம் இல்லை. காஸ்ட்ரெல், பிளான்ஃபோர்டு ஆகிய இருவரும் அதனை விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினர். துறைமுகத்தில் நின்ற 195 கப்பல்களில் 23 மட்டுமே சேதமின்றித் தப்பின. பெரும் உயிர்ச்சேதம் நகரில் நிகழவில்லை. கீழே, ஆற்றின் இரு கரைகளிலும் தாழ்ந்த வயல்களிலும் நிகழ்ந்தது. சாகர் தீவில் இருந்த 5,600-க்கு மேற்பட்ட மக்களில் எஞ்சியவர் 1,500-க்கும் குறைவு. மொத்தத்தில் மாண்டவர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் என்று மதிப்பிடப்பட்டது. அவருள் மிகப் பெரும்பாலோர் காற்றால் அன்றி நீரால் மாண்டவர். மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தோன்றியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அதன் தலைமை ஏற்றவர் அதே பிளான்ஃபோர்டு. அதன் முதல் தலைமையிடமும் கல்கத்தாவே.

இவர்களுக்கெல்லாம் முன்னரே எச்சரித்தவர் ஒருவர் அந்நகரில் இருந்தார். ஹென்றி பிடிங்டன், வணிகக் கப்பல் தலைவராய் இருந்து, பின்னர் கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவரானவர். மாலுமிகளின் நாட்குறிப்புகளைத் திரட்டிப் புயல்களின் சுழற்சியை ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் வழங்கும் ‘சைக்ளோன்’ என்னும் சொல்லை 1848-இல் தம் நூலொன்றின் வாயிலாக வழங்கியவர் அவரே. கோதாவரி முகத்துவாரத்தில் உள்ள கோரிங்கா என்னும் ஊரை 1789 டிசம்பரில் அடுத்தடுத்து வந்த மூன்று பேரலைகள் அழித்ததை அவர் பதிவு செய்தார். அவ்வலைகள் ஓதத்தால் வந்தவை அல்ல, புயலால் வந்தவை என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

அக்காலத்தில் ஹூக்ளி தூர்ந்துவிடும் என்ற அச்சத்தால், மாத்லா ஆற்றங்கரையில் மாற்றுத் துறைமுகம் அமைக்க அரசினர் திட்டமிட்டனர். 1853-இல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். புயலின் நடுவே உப்புநீர் பெருந்திரளாக உருண்டு வந்து, குடியேற்றம் முழுவதையும் 5 முதல் 15 அடி ஆழத்தில் மூழ்கடிக்கும் நாள் ஒன்று வரும் என்பது அதன் கருத்து. கடிதம் ஏற்கப்படவில்லை. துறைமுகம் எழுந்தது, கானிங் என்று பெயரிடப்பட்டது, ரயில் பாதையும் போடப்பட்டது. 1867 நவம்பர் தொடக்கத்தில் புயல் ஒன்று அவ்விடத்தைத் தாக்கியது. ஏறத்தாழ 6 அடி உயரத்துக்கு எழுந்த வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் அதனைக் காணவில்லை, 1858-இல் காலமாகிவிட்டார். கானிங் இன்று சுந்தரவனத்துக்குச் செல்வோர் ரயிலிலிருந்து இறங்கும் ஊர்.

இவ்விரண்டு அலைகளும் வேறுவேறு என்றாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருதல் உண்டு. களப்பணியாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இதுவே. வானிலைத் துறையின் புயல் அறிவிப்புகள், நீர் எழுச்சியை ‘வானியல் ஓதத்துக்கு மேல் இத்தனை மீட்டர்’ என்றே குறிக்கின்றன. அறிவிப்பைச் சுருக்கி ஊர்மக்களுக்குச் சொல்லும்போது ‘ஓதத்துக்கு மேல்’ என்பது உதிர்ந்துவிடுகின்றது. ‘இரண்டு மீட்டர் அலை’ என்பது மட்டும் எஞ்சுகின்றது. தமிழ்நாட்டில் இதனால் பெரும் பிழை நேராது. அங்கே ஓதமே சிறிது. சாகரிலோ, இரண்டு மீட்டர் எழுச்சி வற்றத்தின் அடிமட்டத்தில் வந்தால் அன்றாட ஏற்றத்தின் உயரத்தைக்கூட எட்டாது. அதே இரண்டு மீட்டர் பரா கோட்டாலின் உச்சியில் வந்தால் மண்கரைகளைத் தாண்டிவிடும்.

2009 மே 25-இல் ஐலா புயல் வந்தது அமாவாசைக்கு மறுநாள், ஏற்றமான வேளை. சுந்தரவனத்தின் மண்கரைகள் பல இடங்களில் உடைந்தன. உப்புநீர் புகுந்த வயல்கள் ஆண்டுக்கணக்கில் விளைச்சல் இழந்தன. 2021 மே 26-இல் யாஸ் புயல் கரை கடந்தது ஒடிசாவின் பாலேஸ்வரத்துக்குத் தெற்கே. அன்று பௌர்ணமி, சந்திர கிரகணமும் கூட. மையத்திலிருந்து தொலைவில் இருந்த சாகரிலும் சுந்தரவனத்திலும், காற்றினால் விளைந்ததைவிட நீரினால் விளைந்த சேதமே பெரிதாயிற்று. கொல்கத்தாவில் ஆற்றுநீர் உள்ளே வாராதபடி மதகுகளை அடைத்தனர். மதகு அடைத்திருக்கும் வரையில் நகரின் மழைநீரும் வெளியேற இயலாது. ஆதிகங்கை வழியே காளிகட்டப் பகுதியில் தண்ணீர் ஏறியது. பஞ்சாங்கத்தைப் பார்த்துப் புயலைக் கணிக்க முடியாது. ஆனால் வந்துவிட்ட புயலின் வெள்ளத்தை எடைபோட, அன்றைய திதியும் ஓத அட்டவணையும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது அலைக்குத் திதி இல்லை, பருவமும் இல்லை. கடலடித் தரை திடீரென உயர்ந்தோ தாழ்ந்தோ, மேலுள்ள நீர் முழுவதையும் அசைப்பதால் அது பிறக்கின்றது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கிலோமீட்டராகக் குறைந்து, உயரம் பெருகும். ஜப்பானியர் இதனைத் ‘துறைமுக அலை’ என்னும் பொருளில் ‘சுனாமி’ என்றனர். நடுக்கடலில் மீன் பிடித்தவர்கள் ஒன்றும் உணராமல், துறைக்குத் திரும்பி அழிவைக் கண்டதால் வந்த பெயர் என்பர்.

2004-இல் சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை கடலடியில் ஏற்பட்ட முறிவு, வடக்கு தெற்காக நீண்டிருந்தது. அலையின் வலிமை அம்முறிவுக்குக் குறுக்கே, கிழக்கிலும் மேற்கிலும் மிகுதியாகச் சென்றது. மேற்கே இருந்தவை இலங்கையும் தமிழ்நாடும். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். விரிகுடாவின் தலைமாட்டிலுள்ள வங்காளக் கரை பெரும்பாலும் தப்பியது. புயல் வெள்ளத்துக்கு உலகிலேயே மிகவும் இலக்கான கரைகளுள் ஒன்று, சுனாமிக்கு அன்று அவ்வளவு இலக்காகவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் இந்த வேறுபாடு எங்ஙனம் புலப்படும்? 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம், பூகம்பம் நிகழ்ந்த சில நிமிடங்களில் அறிவிப்பு வெளியிடுகின்றது. அவ்வறிவிப்பில் ஓதமோ காற்றோ தொடக்கத்தில் கணக்கில் வருவதில்லை.

தமிழிலும் பெயர்க்குழப்பம் உண்டு. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியையும் பாம்பனிலிருந்து சென்ற ரயிலையும் அழித்தது புயல் வெள்ளம். அதனைக் ‘கடற்கோள்’ என்றும், 2004-க்குப் பின்னர் ‘ஆழிப்பேரலை’ என்றும் எழுதுவோர் உளர். பின்னது சுனாமிக்கு என்று வழங்கத் தொடங்கிய சொல். கடற்கோள் என்பது கடல் நிலத்தைக் கொள்ளுதலைக் குறிக்கும் பழஞ்சொல்; காரணம் கூறாதது. பழைய நிகழ்ச்சி எதனால் நேர்ந்தது என்று தெரியாதபோது அச்சொல்லே நேர்மையானது. காரணம் தெரிந்த பின்னும் அதனை எழுதுவது பொருந்தாது. கள அறிக்கையில் பெயரைக் காட்டிலும் முதலில் வேண்டுவன சில குறிப்புகளே: நீர் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கிற்று, ஏறுவதற்கு முன் பின்வாங்கிற்றா, எவ்வளவு நேரம் நின்றது, ஒருமுறையா பலமுறையா, அப்போது காற்று எத்திசையில் வீசியது, ஓத அட்டவணைப்படி அது ஏற்றவேளையா வற்றவேளையா.

வகுப்பில் இதனைக் கற்பிக்க ஓதமானியின் காகிதச்சுருள் ஒன்றே போதும். ஓதமானி என்பது கிணற்றில் மிதக்கும் ஒரு மிதவையும், அதனோடு இணைந்து காகிதத்தில் கோடு போடும் ஒரு பேனாவும் கொண்ட பழைய கருவி. அன்றாட ஓதம் அதில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தாழும் வழவழப்பான வளைவு. பான் வந்தால், தாழ்ந்து கிடந்த கோடு படிக்கட்டின் முகம்போல் நட்டுக்குத்தாக எழும்பும். புயல் வெள்ளம் வளைவின் மேல் பல மணி நேரம் நீடிக்கும் ஒரு மேடு. 1881 டிசம்பர் 31-ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே கடலடியில் பூகம்பம் நிகழ்ந்தது. அன்று ஹூக்ளி முகத்துவாரத்துத் துப்ளாத், சென்னை, நாகப்பட்டினம் முதலிய நிலையங்களின் பேனாக்கள் ஒரு மீட்டருக்கும் குறைந்த அலையைப் பதிவு செய்தன. கரையில் நின்றோர் பலர் அதனை உணர்ந்தே இருக்கமாட்டார்கள். காகிதத்திலோ, ஓதத்தின் நீண்ட வளைவின்மேல் அது நிமிடக்கணக்கில் ஏறி இறங்கும் ரம்பப் பற்களாக விழுந்திருந்தது.